மானிப்பாயின் வைத்தியர்



மிஷன் மருத்துவமனை என்றதும் நம்மில் பெரும்பாலோர்க்கு வேலூரும் ஐடா ஸ்கடர் அம்மையாரும் நினைவுக்கு வருவது இயல்பே. அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர் சென்னைக்கு வருமுன், 1820 முதல் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்திய ஊழியம் செய்தவர் என்பதைச் சிலரே அறிவர். அவர் சென்றபின் அதே குடாநாட்டில் எழும்பிய ஒரு மருத்துவமனையைப் பற்றி இவ்வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஊஸ்டர் ஊரைச் சேர்ந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், தம் 25-ஆம் வயதில், 1847-இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மறு ஆண்டே மானிப்பாயில் சிகிச்சை அளிக்கவும், வாலிபர் சிலருக்கு வைத்தியம் கற்பிக்கவும் தொடங்கினார். பிற்காலத்தில் கிறீன் நினைவு மருத்துவமனை என்று பெயர் பெற்றது இதுவே. தொடக்கத்தில் அவர் கற்பித்தது ஆங்கிலத்தில்தான். மாணாக்கரும் நன்றாகவே தேறினர். ஆனால் தேறியவர்கள் அரசாங்க உத்தியோகத்தை நாடி வெளியிடங்களுக்குப் போனார்கள். கிராமத்தில் நோயுற்றுக் கிடந்தவர்களுக்கு வைத்தியர் கிடைத்தபாடில்லை.

இந்த இடத்தில் சற்று நின்று கவனியுங்கள். வேறொருவராயிருந்தால் மாணாக்கரைக் கடிந்துகொண்டிருப்பார். அல்லது கூடுதல் சம்பளத்துக்காகத் தாய்நாட்டுக்குக் கடிதம் எழுதியிருப்பார். கிறீனோ, தாம் கற்பித்த மொழியையே மாற்றத் துணிந்தார். 1864 முதல் மானிப்பாயில் மேனாட்டு மருத்துவம் தமிழிலேயே கற்பிக்கப்பட்டது.

அதற்குப் புத்தகங்கள் வேண்டுமே! தம் மாணாக்கரின் துணையோடு அவரே அவற்றை ஆக்கினார். பிரசவ வைத்திய நூல் 1857-லேயே வெளிவந்திருந்தது. இரண வைத்தியம் 1867-இலும், மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும் 1872-இலும், கெமிஸ்தம் 1875-இலும் அச்சேறின. 'கெமிஸ்தம்' என்னும் பெயர் இன்று நமக்குப் புன்னகை வரவழைக்கலாம். ஆனால் எலும்பு ஒவ்வொன்றுக்கும் நரம்பு ஒவ்வொன்றுக்கும் தமிழில் பெயர் தேடி, கிடைக்காதபோது உண்டாக்கி, நாலாயிரம் பக்கங்களுக்குமேல் எழுதியவர் ஓர் அந்நியர். தம் மாணாக்கர் ஐரோப்பியரைப்போல் உடுத்துவதையும் வாழ்வதையும் அவர் விரும்பவில்லை. தமிழராகவே கிறிஸ்துவைப் பின்பற்ற வேண்டும் என்று வற்புறுத்தினார். பெந்தெகொஸ்தே நாளிலே அவரவர் தம்தம் பாஷையில் கேட்ட அதிசயத்தைப் பிரசங்கிக்கிற என் போன்றோரைவிட, அதை நன்றாய் விளங்கிக்கொண்டவர் அந்த வைத்தியர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் பிள்ளைகள் ஆலயத்தில் வேதபாடத்தை ஆங்கிலத்தில் வாசிக்கும்போது நாம் அடையும் பெருமையையும் இத்துடன் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

அறுபதுக்கும் மேற்பட்டோர் அவரிடம் வைத்தியம் கற்றனர். 1873-இல் உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பிய பின்பும் அவர் மொழிபெயர்ப்பை விடவில்லை. மனித உடலின் இயக்கத்தை விளக்கும் மனுஷ சுகரணம் 1883-இல் வெளிவந்தது. அதற்கடுத்த ஆண்டு அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். தமிழர்க்கு மருத்துவ ஊழியர் என்ற குறிப்பைத் தம் கல்லறையில் பொறிக்கும்படி கேட்டுக்கொண்டிருந்தார். அமெரிக்க மண்ணில், அமெரிக்கர் நடுவே, அப்படி ஒரு கல்!

வருத்தமான செய்தியையும் மறைக்கக் கூடாது. அவருக்குப்பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி அங்கே நெடுங்காலம் நிலைக்கவில்லை. அரசும் சமூகமும் ஆங்கிலத்தையே நாடின. ஊழியம் மட்டும் பெருகிற்று. 1898-இல் இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமான மக்லியொட் மருத்துவமனை எழும்பியது. உள்நாட்டுப் போரின் ஆண்டுகளில் மானிப்பாய் மருத்துவமனை மிகவும் நலிவுற்றது, ஆயினும் அழிந்துபோகவில்லை.

இந்த வாரம் உங்கள் குடும்ப ஜெபத்தில் மானிப்பாயையும் இணுவிலையும் பெயர் சொல்லி நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே இன்றைக்கு இரவு நோயாளியின் அருகே விழித்திருக்கும் தாதியரையும் மறவாதிருங்கள்.