செவி திறந்த வழி

யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே கந்தபுராண படனம் நிகழுங்கால் ஒருவர் செய்யுளை வாசிப்பர். மற்றொருவர் பயன் சொல்லுவர். மூத்தோர் மருங்கிருந்து கேட்ட சிறுவர் எழுத்தறியுமுன்னரே கதையறிந்தனர். ஆயினும், அச்செய்யுளைத் தாமே படித்துணர்தல் அவர்க்கு அரிதாயிருந்தது.

அவ்வருமையைக் குறைத்தவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர். 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பிள்ளைகளுக்கெனப் பாலபாடங்களை அச்சிட்டார். 1852இல் பெரியபுராணத்தை வசனநடையில் வெளியிட்டார். செவி கேட்ட கதையைக் கண்ணும் படிக்கலாயிற்று.

1981இல் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஆயினும், கதை கேட்டு வளர்ந்த பிள்ளை நூலை மீண்டும் தேடும். கேளாத பிள்ளைக்கு நூல் நிறைந்த வீடும் வெறும் வீடே.

பெரியோர்களே, இளைஞர்களே! இன்றிரவே ஒரு பிள்ளையை அருகிருத்தி ஒரு கதை வாசித்துக் காட்டுவோமாக.