டோனாவூர் அம்மை

பெற்றவளே தாய் என்பது உலக வழக்கு. பெறாமலே பல நூறு குழந்தைகட்குத் தாயான ஒரு மூதாட்டியாரின் சரிதத்தை இம்மாதம் நம் சங்கத்தார்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் எடுத்துரைக்க விழைகின்றோம். அவர் நம் குலத்தாரல்லர், நம் தேசத்தாருமல்லர். அங்ஙனமாயின் நம் ஏட்டில் அவர்க்கு இடமேன் எனச் சிலர் வினவுவர். அதற்கு விடையைச் சரிதமே பகரும்.

ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1867-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 16-ஆம் நாள் அயர்லாந்தின் வடபாகத்தில் ஒரு கடற்கரைச் சிற்றூரிற் பிறந்தார். திடகாத்திரமில்லாதவர், எனினும் 1895-இல் இந்தியா போந்து, திருநெல்வேலிச் சீமையை அடைந்து, தமிழ் பயின்று, நம் பெண்டிரைப் போலச் சேலை உடுத்துச் சிற்றூர்தோறும் நடந்தார். வந்த நாள் முதல் ஈற்று நாள் வரை ஏறத்தாழ 55 ஆண்டுகள் ஒருகாலும் தாய்நாடு மீண்டிலர்.

1901-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பொட்டுக்கட்டுதற்கென விடப்பட்டிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடிவந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். முன்னொருமுறை தப்பியதற்காக அவள் கைகளிற் சூடிட்டிருந்தனர். மீட்டுக்கொண்டு செல்ல வந்தோரிடம் அம்மையார் அவளை ஒப்புவித்திலர். அச்சிறுமியின் சரிதமே டோனாவூர் இல்லத்துக்கு வித்தாயிற்று.

குழந்தைகள் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். கைக்குழந்தைகளைக் காத்தல் எளிதாயிருந்ததில்லை. நெய்யூரில் வைத்து வளர்த்த சிசுக்களுட் பலர் தொற்றுநோயால் மாண்டனர். அத்துயரில் உடனின்று உழைத்தவர் பொன்னம்மாள் என்னும் தமிழ்க் கைம்பெண். 1915-இல் அவரும் காலமானார். அம்மையார் அழுதார், ஆயினும் பணியை விட்டிலர். 1918 முதல் ஆண் குழந்தைகளையும் ஏற்றார். குலப்பிரிவு அவ்வில்லத்தில் வழங்கியதில்லை.

1919-இல் அரசாங்கத்தார் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் அளித்தபோது, அதனைப் பெறக் கூசி விழாவிற்கும் சென்றிலர். 1931-இல் களக்காட்டிற் குழியில் விழுந்து கால் முறிந்தது. அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் படுக்கையிலேயே கிடந்து நூல்கள் பல எழுதினார். பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் 1947-இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியதைக் கண்டே, 1951-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் நாள் தம் 83-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். கல்லறைக் கல் வேண்டா என்றது அவர் விருப்பம். ஆதலின் பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றை அங்கு வைத்து, அதில் 'அம்மை' என்று மட்டும் பொறித்தனர்.

அன்பர்காள்! சங்கம் கூடுவது குலப்பெருமை பேசுதற்கு மட்டுமன்று. நம் மாதவரத்தின் பெயரிலேயே தவம் என்னும் சொல் ஒலிக்கின்றது. தாயற்ற பிள்ளையும் பிள்ளையற்ற முதியவளும் நம் தெருவிலும் உளர். அவர்தம் வாசற்படியை நாம் எத்துணை முறை மிதித்தோம்? யாருடைய பிள்ளை என்று வினவாது கதவு திறந்த அயலாள் ஒருத்தி அம்மை எனப்பட்டாள். நம் கதவைத் தட்டுவோரை நாம் முதலில் என்ன வினவுகின்றோம் என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன் நெஞ்சைக் கேட்டுக்கொள்க.