தொடர்கதையிலிருந்து கிண்டில் வரை

தொடர்கதை படித்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த தலைமுறை நம்முடையது. இப்போது நம் வயதுக்காரர்களே கிண்டிலில் படிப்பது ஒரு படிப்பா என்று கேட்கிறார்கள். ஜனரஞ்சக நாவலின் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டினால், இவற்றில் எதற்குக் கவலைப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது விளங்கும்.

1836-இல் பாரீஸில் ஒரு தினசரிக்கு ஆண்டுச் சந்தா 80 பிராங்க். சாமானியனுக்கு எட்டாத தொகை. அந்த ஆண்டு எமில் த ஜிரார்தேன் என்பவர் 'லா பிரெஸ்' என்ற பத்திரிகையைத் தொடங்கி, சந்தாவை 40 பிராங்காகக் குறைத்தார். நஷ்டத்தை விளம்பரத்தால் ஈடுகட்டத் திட்டம். விளம்பரம் வர வேண்டுமானால் வாசகர்கள் பெருக வேண்டும். வாசகர்கள் மறுநாளும் வர வேண்டுமானால் கதை வேண்டும். அதே ஆண்டில் பால்சாக்கின் நாவல் ஒன்று 'லா பிரெஸ்'ஸில் தொடராக வந்தது. 'தொடரும்' என்ற சொல்லுக்குப் பின்னால் இருந்தது இந்தக் கணக்குத்தான்.

1842-இல் எழேன் சூ எழுதிய 'பாரீஸ் மர்மங்கள்' 'ழூர்னால் தெ தெபா' பத்திரிகையில் வரத் தொடங்கியது. ஏழைகள், திருடர்கள், கைவிடப்பட்ட பெண்கள் எல்லோரும் அதில் பாத்திரங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், தெரிந்தவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். வாசகர்கள் ஆசிரியருக்கு நூற்றுக்கணக்கில் கடிதம் எழுதினார்கள். அடுத்த நாவலுக்கு இன்னொரு பத்திரிகை அவருக்குக் கொடுத்த தொகை 100,000 பிராங்க்.

பண்டிதர்கள் சும்மா இருப்பார்களா? விமர்சகர் சேன்த் பேவ் 1839-லேயே இதற்கு 'தொழிற்சாலை இலக்கியம்' என்ற பொருள்படப் பெயர் வைத்துவிட்டார். 1850-இல் எழேன் சூ தேர்தலில் வென்று சட்டமன்றத்துக்கே வந்துவிட்டார். சில மாதங்களில் ஒரு சட்டம்: தொடர்கதை வெளியிடும் பத்திரிகை ஒவ்வொரு பிரதிக்கும் கூடுதலாக ஒரு சாந்திம் முத்திரை வரி கட்ட வேண்டும். ஆயுள் முழுதும் அரசாங்கக் கோப்புகளோடு கழித்தவனுக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. கதைக்கு வரி! வரி போய்விட்டது, கதை போகவில்லை.

பாரீஸ் மர்மங்களைப் பார்த்து, 1844-இல் லண்டனில் ரெயினால்ட்ஸ் 'லண்டன் மர்மங்கள்' எழுதினார். வாரம் ஒரு பென்னி விலை. அவருடைய நாவல்கள் கப்பலேறி இந்தியாவுக்கு வந்து சக்கைப்போடு போட்டன. தமிழில் ஆரணி குப்புசாமி முதலியார் ரெயினால்ட்ஸ் கதைகளை நம்மூர்ப் பெயர்களோடு மாற்றி எழுதினார். வடுவூர் துரைசாமி ஐயங்காரும் அந்த வழியில் வந்தவர். அவருடைய 'மேனகா' 1935-இல் சினிமாவாகவும் வந்தது. நம் பாட்டிமார் ஒளித்துவைத்துப் படித்த மர்ம நாவலுக்குப் பூர்வீகம் பாரீஸ் என்பது பலருக்குத் தெரியாது.

பிரெஞ்சுப் பள்ளியில் துய்மாவின் 'மூன்று மஸ்கட்டியர்கள்' படித்தவன் நான். அதுவும் 1844-இல் தொடராக வந்ததே. பின்னாளில் 'பொன்னியின் செல்வ'னை எடுத்தபோது, தனியாகக் குதிரையில் வரும் வந்தியத்தேவனைப் பார்த்ததும் தார்த்தாஞான்தான் ஞாபகத்துக்கு வந்தான். இது கல்கிக்குக் குறை இல்லை. வாரக்கணக்கில் வாசகனைக் காக்கவைக்கும் கலை இருவருக்கும் கைவந்தது என்பதே நான் சொல்ல வருவது. அந்த நாவல் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தது. கிழித்துச் சேர்த்து, மணியம் படங்களோடு பைண்டு செய்து வைத்த வீடுகள் எத்தனை! ஒரு பைண்டு புத்தகம் ஒரு தெரு முழுவதும் சுற்றி, மாமி கையிலிருந்து சின்னம்மா கைக்குப் போய், அட்டை பிய்ந்து திரும்பி வரும். காசு கொடுத்து வாங்கியவர் ஒருவர், படித்தவர் இருபது பேர். ஜனரஞ்சக நாவலை வாழவைத்தது அதன் மலிவு மட்டுமல்ல, இந்தக் கைமாற்றும்தான்.

இப்போது கருவிக்கு வருகிறேன். கிண்டில் 2007-இல் அமெரிக்காவில் வந்தது. தமிழ்ப் புத்தகங்கள் அதில் முறையாக விற்பனைக்கு வந்தது 2016 கடைசியில். அதன் திரை, செல்போன் திரை போன்றதல்ல. கருப்பும் வெள்ளையுமான நுண்துகள்கள் இடம் மாறி எழுத்தாகின்றன. பக்கம் திருப்பும்போது மட்டுமே அதற்காக மின்சாரம் செலவாகும். அதனால் பாட்டரி நாள்கணக்கில் வருகிறது. எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கலாம். கண்புரை அறுவை செய்துகொண்ட நம்மைப் போன்றவர்களுக்கு இது சாதாரண வசதி அல்ல. ஐந்து பாகப் பொன்னியின் செல்வனைப் படுத்தபடி ஒரு கையில் பிடிக்க முடிகிறது. காகித வாசனை இல்லையே என்று குறைப்படுகிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை. வாசனைக்காக யாரும் நாவல் படிப்பதில்லை.

என் கவலை வேறு. 2009 ஜூலையில், விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், ஆர்வெல்லின் '1984' நாவலை அமேசான் நிறுவனம் வாசகர்களின் கிண்டில்களிலிருந்து தொலைவிலிருந்தே அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பிறகு அதன் தலைவர் மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. அங்கே நாம் வாங்குவது புத்தகத்தை அல்ல, படிக்கும் அனுமதியை. பக்கத்து வீட்டு அம்மாளுக்கு இரவல் தர வேண்டுமானால் கருவியையே தூக்கிக் கொடுக்க வேண்டும். மலிவு வந்தது, கைமாற்று போய்விட்டது.

இதற்கும் வழி இல்லாமல் இல்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களோடு கல்கியின் நாவல்களையும் இலவசமாக வைத்திருக்கிறது. கல்கி எழுத்துகள் அரசுடைமை ஆனதால் அவற்றை யாரும் யாருக்கும் கொடுக்கலாம். நம் புதுச்சேரியில் 1827-இல் பிரெஞ்சு நிர்வாகம் தொடங்கிய பொது நூலகம், இன்றைய ரோமன் ரோலான் நூலகம், இன்னும் இருக்கிறது.

ஆகையால் நம் வயதுக்காரர்களுக்கு என் யோசனை இதுதான். கண் கேட்டால் கருவியில் படியுங்கள். ஜனரஞ்சக நாவல்தானே என்று கூச்சப்படாதீர்கள். வீட்டில் இருக்கும் பைண்டு புத்தகங்களைப் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போடாமல், படிக்கக் கேட்கும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அவர்கள் திருப்பித் தராவிட்டாலும் பரவாயில்லை.