பல்கலைக் கழகமும் அபாய அறிவிப்பும்

1355 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 10 ஆம் நாள். ஆக்ஸ்போர்டு நகரத்து மதுக்கடை ஒன்றில் மாணவர் சிலர் அமர்ந்து குடித்துக் கொண்டிருந்தனர். மது நன்றாயில்லை என்று கடைக்காரருடன் பூசல் விளைந்தது. அவர்மேல் மது வீசப்பட்டது. கடைக்காரர்க்குத் துணையாக நகரத்தார் தூய மார்ட்டின் தேவாலயத்தின் மணியை அடித்து ஆள் திரட்டினர். பல்கலைக் கழகத்தாரோ தூய மேரி தேவாலயத்தின் மணியை அடித்துத் தம் மாணவரை எச்சரித்தனர். அதன்பின் மூண்ட கலகத்தில் கல்விக் கழகத்தைச் சேர்ந்தோர் 63 பேர் மாண்டனர் என்பது மரபாக வழங்கி வரும் கணக்கு. இதற்குக் கழுவாயாக நகரத்தார் ஆண்டுதோறும் 63 பென்னி செலுத்தி வந்த வழக்கம் 1825 வரை நீடித்தது.

நகரத்துக்கும் கல்விக் கழகத்துக்கும் இடையே இருந்த பகைக்குச் சான்றாகவே வரலாற்றாசிரியர் இந்நிகழ்ச்சியை எடுத்துக் காட்டுவர். ஆயினும் அந்த மணியும் நோக்கத்தக்கது. ஆபத்து வெளியிலிருந்து வந்தது. அதை மறைப்பதால் பல்கலைக் கழகத்துக்கு யாதொரு பயனும் இல்லை. ஆகவே மணி தயங்காமல் ஒலித்தது. ஆபத்து மதிலுக்கு உள்ளேயே தோன்றும்போதுதான் கயிற்றைப் பிடித்திருக்கும் கை தயங்குகிறது.

இத்தயக்கம் மிகத் தெளிவாகப் பதிவாகியுள்ள நாடு அமெரிக்கா. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நாட்டுக் கல்லூரிகள் மாணவர்க்குப் பெற்றோர் நிலையில் நின்றன. விடுதி அடைக்கும் நேரம் முதல் உடை வரை அவையே வகுத்தன. 1961 ஆம் ஆண்டு அலபாமா மாநில வழக்கொன்றில், விசாரணையின்றி மாணவரை வெளியேற்றல் ஆகாது என்று கூட்டரசு முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், அந்தப் பெற்றோர் நிலை மெல்ல மெல்லத் தளர்ந்தது. கட்டுப்பாடு தளர்ந்ததேயன்றி, அதற்கு ஈடாகக் காக்கும் பொறுப்பு இன்னது என்று எவரும் வரையறுக்கவில்லை. 1966 ஆகஸ்ட் முதல் நாள் டெக்சாஸ் பல்கலைக் கழகத்தின் மணிக்கூண்டுக் கோபுரத்தின்மேல் ஒருவன் ஏறி நின்று ஒன்றரை மணி நேரம் சுட்டான். அப்போது கோபுரத்தின் பக்கம் போகாதீர் என்று மக்களுக்கு அறிவித்தது ஆஸ்டின் நகரத்து வானொலி. மணி தொங்கிய கோபுரமே கொலைக்களமாயிற்று என்பது காலத்தின் கோலம்.

சட்டம் பிறந்தது அதற்கும் இருபது ஆண்டுக்கு மேல் கழித்து. பென்சில்வேனியா மாநிலத்தில் லீஹை பல்கலைக் கழகத்தின் முதலாண்டு மாணவி ஜீன் கிளெரி. வயது 19. அவருடைய தமையன்மார் பயின்ற டுலேன் பல்கலைக் கழகத்தில் அவருக்கும் இடம் கிடைத்திருந்தது. ஆனால் அங்கு மாணவர் ஒருவர் கொலையுண்ட செய்தி காதில் விழவே, குடும்பத்தார் அதைக் கைவிட்டு, அமைதியான இடம் என்று கருதி லீஹையைத் தேர்ந்தனர். 1986 ஏப்ரல் 5 ஆம் நாள் விடுதி அறையிலேயே ஜீன் கற்பழித்துக் கொல்லப்பட்டார். கொன்றவன் அப்பல்கலைக் கழகத்தின் மற்றொரு மாணவன். தானே பூட்டிக்கொள்ளும் கதவுகள் மூன்று, யாரோ இடையில் வைத்த அட்டைப் பெட்டிகளால் திறந்து கிடந்தன. அவற்றின் வழியே அவன் உள்ளே நுழைந்தான்.

முந்தைய மூன்று ஆண்டுகளில் அவ்வளாகத்தில் 38 வன்குற்றங்கள் நிகழ்ந்திருந்தமையைப் பெற்றோர் பிற்பாடே அறிந்தனர். டுலேனில் நடந்தது வெளியே தெரிந்தது, ஆகவே அஞ்சினர். லீஹையில் நடந்தது தெரியவில்லை, ஆகவே நம்பினர். உண்மையை உரைத்த இடம் இழந்தது, உரைக்காத இடம் பெற்றது. கல்லூரிகள் வாய் மூடியிருந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டுவதில்லை.

கிளெரி தம்பதியர் வழக்குத் தொடுத்தனர்; 1987 இல் வளாகப் பாதுகாப்புக்கென ஓர் அமைப்பையும் தோற்றுவித்தனர். 1988 இல் பென்சில்வேனியா சட்டமியற்றியது. 1990 நவம்பரில் மூத்த புஷ் கையொப்பமிட்ட கூட்டரசுச் சட்டம் நாடு முழுமைக்கும் வந்தது. 1998 முதல் அச்சட்டம் ஜீன் கிளெரியின் பெயராலேயே வழங்கலாயிற்று. கூட்டரசின் மாணவர் உதவித்தொகையைப் பெறும் கல்லூரி ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் குற்றக் கணக்கை வெளியிட வேண்டும். தொடர்ந்து ஆபத்து விளைக்கக்கூடிய குற்றம் நிகழ்ந்தால் ‘காலத்தே’ எச்சரிக்க வேண்டும். காலத்தே என்பது எத்தனை நிமிடம் என்று சட்டம் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லின் நெகிழ்ச்சி பின்னர் எவ்வளவு பெரிதாயிற்று என்பதை 2007 ஏப்ரல் 16 காட்டிற்று.

வர்ஜீனியா மாநிலத்தில் பிளாக்ஸ்பர்க் என்னும் சிற்றூர். அங்குள்ள வர்ஜீனியா டெக் பல்கலைக் கழக விடுதி ஒன்றில் காலை 7.15 மணியளவில் மாணவர் இருவர் சுடப்பட்டனர். இது காதலர் பிணக்கு என்று காவலர் கருதினர். சுடப்பட்ட மாணவியின் நண்பனைத் தேடிப் புறப்பட்டனர். 8.25 மணிக்குப் பல்கலைக் கழகத்தின் உயர் குழு கூடியது. வளாகத்துக்கு எச்சரிக்கை அனுப்பும் அதிகாரம் அக்குழுவைச் சார்ந்திருந்ததேயன்றிக் காவலரிடம் இல்லை. 8.45 மணிக்குக் குழுவைச் சேர்ந்த ஒருவர் மாநிலத் தலைநகரிலிருந்த தோழருக்கு மின்னஞ்சல் எழுதினார். ஒரு மாணவர் இறந்தார், துப்பாக்கிக்காரன் பிடிபடவில்லை, இதை இப்போது வெளியிடலாகாது என்பது அதன் கருத்து. ஊர்ப் பள்ளிக்கூடங்கள் 8.52 மணிக்கே கதவடைத்தன. பல்கலைக் கழக மாணவரோ புத்தகங்களுடன் வகுப்புக்கு நடந்து கொண்டிருந்தனர்.

9.26 மணிக்கு வளாகத்தார்க்கு முதல் மின்னஞ்சல் வந்தது. விடுதியில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது, காவலர் விசாரிக்கின்றனர், எச்சரிக்கையாயிருங்கள் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. உயிர் போனது என்ற சொல்லும் இல்லை. சுட்டவன் வெளியே திரிகிறான் என்ற சொல்லும் இல்லை. ஏறத்தாழ 9.40 மணிக்கு நாரிஸ் மண்டபத்தில் அதே கொலைஞன் மீண்டும் சுடத் தொடங்கினான். அங்கு மட்டும் 30 பேர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் கோபிசெட்டிப்பாளையம் பக்கத்தில் பிறந்து, நீரியலில் புகழ் பெற்ற பேராசிரியர் ஜி. வி. லோகநாதன். தம் வகுப்பில் பாடம் நடத்திக் கொண்டிருக்கும்போதே அவர் உயிர் நீத்தார். துப்பாக்கிக்காரன் வளாகத்தில் திரிகிறான், வெளியே வராதீர், சன்னல்களை விட்டு விலகியிருங்கள் என்ற தெளிவான செய்தி 9.50 மணிக்குத்தான் வந்தது.

இரண்டு மணி நேரம் காலத்தேயா, காலங்கடந்ததா? கூட்டரசுக் கல்வித் துறை, சட்டம் மீறப்பட்டது என்று கூறி 2011 இல் 55,000 டாலர் தண்டம் விதித்தது. 2012 மார்ச்சில் துறையின் நிர்வாக நீதிபதி அதைத் தள்ளினார். அதே மாதத்தில் கொலையுண்ட மாணவியர் இருவரின் பெற்றோர் தொடுத்த வழக்கில், பல்கலைக் கழகம் கடமை தவறியது என்று ஜூரிகள் முடிவு கூறினர். அவ்வாண்டிலேயே கல்வி அமைச்சர், எச்சரிக்கை காலத்தே வரவில்லை என்ற முடிவை மீண்டும் நிலைநாட்டினார். 2013 இல் மாநில உச்ச நீதிமன்றம் ஜூரிகளின் முடிவை மாற்றி, இரண்டாம் கொலையை முன்கூட்டி உணர்ந்திருக்க இயலாது, ஆகவே எச்சரிக்கும் கடமை எழவில்லை என்றது. கடைசியில் பல்கலைக் கழகம் செலுத்தியது 32,500 டாலர்.

முன்கூட்டி உணர இயலாது என்பது நீதிமன்றத்தின் கூற்று. ஆனால் எச்சரிக்கை என்பதே இன்னும் உறுதிப்படாததைச் சொல்வதுதான். உறுதியானபின் சொல்வதற்குச் செய்தி என்று பெயர்.

இதே காலத்தில் மிச்சிகன் மாநிலத்திலிருந்து இன்னும் கசப்பான ஒரு கதை வெளிவந்தது. 2006 டிசம்பரில் கிழக்கு மிச்சிகன் பல்கலைக் கழக விடுதியில் ஒரு மாணவி இறந்து கிடந்தார். ஐயத்துக்கு இடமில்லை என்று நிர்வாகம் சொல்லி வந்தது. பத்து வாரம் கழித்து ஒரு மாணவன் கொலைக் குற்றத்துக்காகக் கைது செய்யப்பட்டபோதுதான் பெற்றோரும் மற்ற மாணவரும் உண்மையை அறிந்தனர். பல்கலைக் கழகத் தலைவர் பதவி இழந்தார். தண்டம் 350,000 டாலர்.

2008 இல் சட்டம் திருத்தப்பட்டது. உயிருக்கு உடனடி ஆபத்து உறுதியானால் தாமதமின்றி அறிவிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையேனும் அறிவிப்பு முறையைச் சோதிக்க வேண்டும். ஒலிபெருக்கிகளும் குறுஞ்செய்திகளும் வளாகங்களில் பெருகின. எச்சரிக்கும் அதிகாரம் பல இடங்களில் குழுவின் கையிலிருந்து காவலர் கைக்கு வந்தது. பழைய பழக்கம் அதனால் முற்றும் மறைந்துவிடவில்லை. வர்ஜீனியா மாநிலத்திலேயே உள்ள லிபர்ட்டி பல்கலைக் கழகம், குற்றக் கணக்கைக் குறைத்துக் காட்டியது, காலத்தே எச்சரிக்காதது முதலிய குறைகளுக்காக 2024 இல் செலுத்த உடன்பட்ட தண்டம் 1 கோடியே 40 லட்சம் டாலர். இச்சட்டத்தின்கீழ் அதுவரை விதிக்கப்பட்டவற்றுள் அதுவே பெரியது.

விரைவுக்கும் ஒரு விலை உண்டு. 2016 நவம்பர் 28 ஆம் நாள் காலை ஒஹாயோ மாநிலப் பல்கலைக் கழகத்தில், வளாகத்தில் ஒருவன் சுடுகிறான், ஓடுங்கள், ஒளியுங்கள், எதிர்த்து நில்லுங்கள் என்ற குறுஞ்செய்தி சில நிமிடங்களுக்குள் மாணவரை எட்டியது. உண்மையில் வந்தவன் காரை மக்கள்மேல் ஏற்றிக் கத்தியால் தாக்கியவன். 11 பேர் காயமுற்றனர். அங்கு வெடித்த குண்டுகள் அவனை வீழ்த்திய காவலருடையவை. செய்தி வந்தபோது அவன் இறந்துவிட்டான். அதை அறியாத மாணவர்கள் வகுப்பறைக் கதவுக்கு எதிரே நாற்காலிகளை அடுக்கிவிட்டு, அடுத்த அறிவிப்பு வரும் வரை, ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் கைபேசியைப் பார்த்தபடி அமர்ந்திருந்தனர்.