மீனுக்கு ஒரு கணப்பு

மீனுக்குக் குளிருமா என்று கேட்டால் நம் ஊரில் சிரிப்பார்கள். தண்ணீரிலேயே பிறந்து தண்ணீரிலேயே வளர்கிற பிராணிக்கு ஜலதோஷமா என்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சிரித்தவன்தான். லண்டனில் சில வருஷம் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய நண்பர் ஒருவர் தம்முடைய மீன் தொட்டியின் கதையைச் சொன்ன பிறகு, சிரிப்பு நின்றுவிட்டது.

நீளம், அகலம், உயரம் மூன்றும் இரண்டிரண்டு அடி உள்ள பெரிய கண்ணாடித் தொட்டி அது. அதில் அமேஸான் நதியின் சின்னஞ்சிறு மீன்களை வளர்த்தார். குளிர்காலம் நெருங்கியதும் கடைக்குப் போய், "தொட்டி பெரிது, ஹீட்டரும் பெரிதாகவே கொடுங்கள்" என்று கேட்டு, 300 வாட் ஹீட்டர் ஒன்றை வாங்கி மாட்டினார். குளிர்காலம் சுகமாகக் கழிந்தது. கோடையில் ஒரு சனிக்கிழமை வெளியூர் போனவர், திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தார். தொட்டித் தண்ணீர் வெந்நீராகியிருந்தது. ஒரு மீன்கூட மிஞ்சவில்லை.

"குளிரில் செத்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும், ஸார். நானே அல்லவா காய்ச்சிக் கொன்றுவிட்டேன்!" என்றார் அவர்.

தவறு எங்கே நேர்ந்தது? அதைத் தெரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

வீட்டுக்குள்ளே மீன் தொட்டி வைக்கும் கலைக்கு வழிகாட்டியவர்களில் முக்கியமானவர் ராபர்ட் வாரிங்டன் என்ற லண்டன் ரசாயன விஞ்ஞானி. நீர்ச்செடி, நத்தை, தங்கமீன் மூன்றும் ஒரே தொட்டியில் ஒன்றையொன்று வாழவைக்கும் என்று அவர் 1850-ல் எழுதினார். 1853-ல் லண்டன் மிருகக் காட்சிசாலையில் மீன்களுக்கென்றே ஒரு மண்டபம் திறந்தார்கள். மறு வருஷம் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகம் வந்ததும், மீன் தொட்டி நாகரிகக் குடும்பங்களின் அலங்காரப் பொருளாகிவிட்டது. ஆனால் அந்தத் தொட்டிகளில் இருந்தவை குளிர் தாங்கும் ஜீவன்கள். ஹீட்டரைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

1869-ல் பாரிஸைச் சேர்ந்த பியேர் கார்போனியே, சீனாவிலிருந்து வந்த சொர்க்க மீனை வளர்த்துக் குஞ்சு பொரிக்கச் செய்தார். நல்ல வேளை, அது ஓரளவு குளிர் தாங்கும் மீன். பின்னாலே வந்த உஷ்ணப் பிரதேசத்து மீன்கள் அப்படி அல்ல. அவற்றுக்காகத் தொட்டியின் அடியில் எண்ணெய் விளக்கையும் வாயு விளக்கையும் ஏற்றி வைத்தார்கள். மேலே உயிர், கீழே நெருப்பு. விளக்கு அணைந்தாலும் ஆபத்து; அதிகம் எரிந்தாலும் ஆபத்து. மீன் வளர்த்தவர்கள் எப்படித்தான் தூங்கினார்களோ!

1905-ல் ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் நிக்கலையும் குரோமியத்தையும் கலந்து, பழுக்கக் காய்ந்தாலும் எளிதில் எரிந்துபோகாத கம்பியைக் கண்டுபிடித்தார். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியில் சூடேறுவதும் அந்தக் கம்பிதான். அதைச் சுருட்டிக் கண்ணாடிக் குழாய்க்குள் வைத்து வாயை அடைத்து, தண்ணீருக்குள்ளேயே இறக்கினார்கள். அடியில் எரிந்த விளக்குக்கு வேலை இல்லாமற் போயிற்று.

சூடு போதும் என்று நிறுத்துவதற்கும் ஒருவர் வேண்டுமே? அந்தக் காவல்காரனின் வரலாறு இன்னும் பழையது. ஜான் ஹாரிஸன் என்ற ஆங்கிலேயத் தச்சர், பதினெட்டாம் நூற்றாண்டில் கப்பல்களுக்காகக் கடிகாரம் செய்தார். வெயிலிலும் குளிரிலும் அதன் நேரம் பிசகாமலிருக்க, பித்தளைத் தகட்டையும் எஃகுத் தகட்டையும் சேர்த்துப் பிணைத்தார். சூட்டில் பித்தளை அதிகம் நீளும். எஃகு குறைவாக நீளும். ஆகவே ஜோடித் தகடு வளையும். இந்த வளைவைக் கொண்டு உஷ்ணத்தைக் கட்டுப்படுத்தும் கருவிக்கு 1830-ல் ஆண்ட்ரூ யூர் காப்புரிமை பெற்றார். 'தெர்மோஸ்டாட்' என்று பெயரிட்டவரும் அவரே. தண்ணீர் சூடேறினால் தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆறினால் மறுபடி சேர்க்கும்.

ஆனால் துண்டித்துச் சேர்க்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னப் பொறி பறக்கும். பல ஆயிரம் பொறிகளுக்குப் பிறகு, தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொள்வதுண்டு. ஒட்டிக்கொண்டால் மின்சாரம் நிற்காது. நண்பரின் தொட்டியில் நடந்தது அதுதான்.

இனி அளவுக்கு வருவோம். தண்ணீருக்கும் அறைக்கும் உள்ள உஷ்ண வித்தியாசம் எவ்வளவோ, அவ்வளவுக்குச் சூடு வெளியேறும் என்று 1701-ல் நியூட்டன் எழுதினார். சூடு வெளியேறுவது தொட்டியின் மேற்பரப்பு வழியாக. உருவம் பெருக்கும்போது மேற்பரப்பைவிடக் கனஅளவு வேகமாகப் பெருகும் என்று 1638-ல், வீட்டுக் காவலில் இருந்த கலிலியோ, தம் புத்தகத்தில் விளக்கியிருக்கிறார். ஓரடித் தொட்டியில் சுமார் 28 லிட்டர் பிடிக்கும். இரண்டடித் தொட்டியில் சுமார் 226 லிட்டர். தண்ணீர் எட்டு மடங்கு. மேற்பரப்பு நான்கே மடங்கு. ஓரடித் தொட்டிக்கு 50 வாட் போதுமானால், இரண்டடித் தொட்டிக்கு 400 வேண்டாம், 200 போதும்.

அந்த 200 வாட், அறையைவிடப் பத்து டிகிரி அதிகமாகத் தண்ணீரைச் சூடாக்கும் என்று வைத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் 16 டிகிரி அறையில் 26 டிகிரித் தண்ணீர், மீனுக்குச் சுகம். நண்பர் மாட்டியதோ 300 வாட். பதினைந்து டிகிரி ஏற்றவல்லது. கோடையில் அறையே 24 டிகிரி இருக்கும்போது முனை ஒட்டிக்கொண்டால், தண்ணீர் 39 டிகிரிக்கு ஏறும். பிழைக்குமா?

அதனால்தான் பெரிய தொட்டிக்கு ஒரே பெரிய ஹீட்டர் வேண்டாம், இரண்டு சின்ன ஹீட்டர் போடு என்று அனுபவசாலிகள் சொல்லுகிறார்கள். 100 வாட் வீதம் இரண்டு. ஒன்று ஒட்டிக்கொண்டாலும் 29 டிகிரிக்கு மேல் ஏறாது. ஒன்று அடியோடு செத்துப்போனாலும், மற்றது தண்ணீரை அறையைவிட ஐந்து டிகிரி சூடாக வைத்திருக்கும். நாம் கவனித்து மாற்றும்வரை மீன் தாக்குப்பிடிக்கும்.

நண்பர் ஒரு வருஷம் தொட்டியைக் காலியாகவே வைத்திருந்தார். பிறகு சின்ன ஹீட்டர் இரண்டும், ஒரு தெர்மாமீட்டரும் வாங்கினார். லண்டனை விட்டுப் புறப்படுகிறவரை, தினமும் காலையில் காபிக்கு முன்னால் அந்தத் தெர்மாமீட்டரைத்தான் பார்த்தாராம்.