நான்காவது ஆள்: வேலூரும் மதுரையும்

மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் என்று சொல்லித்தான் வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தை முடிக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர். முதல் மூன்றை யாரும் மறப்பதில்லை. நான்காவது ஆளின் அருமை, ஊர்விட்டு ஊர் போய் வைத்தியம் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சொந்த ஊரில் அந்த இடத்தை அம்மாவோ அண்ணியோ பக்கத்து வீட்டுக்காரரோ நிரப்பிவிடுவார்கள். பாஷை தெரியாத ஊரில் யார் நிரப்புவது? தமிழ்நாட்டில் இரண்டு ஊர்கள் இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன. கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கும் வேலூர் ஒன்று. அரவிந்த் கண் மருத்துவமனை பிறந்த மதுரை மற்றொன்று.

இரண்டு மருத்துவமனைகளின் பின்னாலும் மும்மூன்று மரணங்கள் உண்டு. ஐடா ஸ்கடர் அமெரிக்க மிஷனரிக் குடும்பத்துப் பெண். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள், பிரசவ வேதனையில் கிடக்கும் மனைவிக்கு உதவி கேட்டு அவரிடம் வந்தார்கள். டாக்டரான அவர் அப்பாவை, ஆண் என்பதால் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஐடாவோ அப்போது டாக்டர் இல்லை. மூன்று பெண்களும் பிழைக்கவில்லை. படித்துத் திரும்பிய ஐடா, 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கினார். 1918-இல் வடமலாபுரத்தில் பிறந்த கோவிந்தப்ப வெங்கடசாமியும் சிறு வயதில் உறவுப் பெண்கள் மூவரைப் பேறுகாலத்தில் பறிகொடுத்தவர். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது அவர் ஆசை. முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கியதால் கண் மருத்துவத்துக்கு மாறினார். அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின், 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். இருவரையும் உறுத்தியது ஒன்றுதான்: உதவிக்கும் தேவைக்கும் நடுவே கிடந்த தூரம்.

வேலூரில் அந்தத் தூரத்தை நோயாளியே கடக்கிறார். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், எல்லை தாண்டி வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். ஹவுராவில் ரயிலேறினால் ஒரு நாளுக்கு மேல் பயணம். காட்பாடியில் இறங்கும்போது ஒரு கையில் பெட்டி, மறுகையில் பழைய ஊர் டாக்டரின் ஃபைல், கக்கத்தில் எக்ஸ்ரே உறை. ஆட்டோக்காரர் வங்காளத்தில் "தாதா" (அண்ணா) என்று கூப்பிட்டதும் முகத்தில் பாதிக் களைப்பு போய்விடும். காந்தி ரோட்டைச் சுற்றி வங்காள எழுத்தில் பெயர்ப்பலகைகள், மீன்குழம்பும் சோறும் போடும் ஓட்டல்கள், வாரக்கணக்கில் தங்குகிறவர்கள் சமைத்துக்கொள்ள அடுப்பும் பாத்திரமும் கொடுக்கும் லாட்ஜுகள். இதெல்லாம் வியாபாரம்தான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் பிழைப்புக்காகக் கற்றுக்கொண்ட வங்காள மொழியில்தான் அந்த ஆட்டோக்காரர் "ரிசல்ட் என்ன ஆச்சு?" என்றும் கேட்கிறார்.

மதுரை வேறு வழியில் போனது. ஆரம்ப நாட்களில் ஊர் ஊராக முகாம் போட்டு, கண்புரை இருப்பவர்களை மதுரைக்கு வரச் சொன்னார்கள். பலர் வரவில்லை. விசாரித்தால் காரணங்கள் மிகச் சாதாரணமாக இருந்தன: பஸ்ஸுக்குக் காசில்லை, போன இடத்தில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது, கூட வர ஆளில்லை, வந்தால் அவருக்கும் அன்றைய கூலி போய்விடும். இலவச அறுவை சிகிச்சை அவர்களுக்கு இலவசமாக இல்லை. ஆகவே வழிப்பயணம், சாப்பாடு, தங்குமிடம் எல்லாவற்றையும் சிகிச்சையோடு சேர்த்துவிட்டார்கள். முகாமில் தேர்வானவரைப் பஸ்ஸில் ஏற்றி, அறுவை முடிந்ததும் ஊரிலேயே கொண்டுவந்து விடுவது வழக்கமாயிற்று.

நான்காவது ஆள் யார் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. வேலூரில் அந்த ஆள் தற்செயலாக வாய்க்கிறார். லாட்ஜ் தாழ்வாரத்தில் அரிசி களையும் பெண்மணி மூன்றாவது முறை வந்திருப்பவர். எந்தக் கவுண்டரில் முதலில் நிற்க வேண்டும், எத்தனை மணிக்குப் போனால் ரத்தம் கொடுக்கும் வரிசை குறைவு என்று புதிதாக வந்தவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். மதுரையிலோ அந்த ஆள் பயிற்சி பெற்றவர். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு வருஷம் பழக்கி, பார்வைச் சோதனையிலிருந்து அறுவைக்கு ஆயத்தப்படுத்துவது வரை அவர்களிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். "பாட்டி, என் கையைப் பிடிச்சுக்கங்க, படி இருக்கு" என்று சொல்லும் குரலில் பாட்டிக்குத் தன் ஊர்ப் பேச்சே கேட்கிறது.

இதை வைத்து மதுரையே மேல் என்று தீர்ப்புச் சொன்னால் அது அவசரம். கண்புரை அறுவை சில நிமிட வேலை. ஓரிரு நாளில் வீடு. நாள் குறித்து, பஸ் ஏற்பாடு செய்து, முடித்துவிடலாம். வேலூருக்கு வருகிற ரத்தப் புற்றுநோய்க்கும் இதய நோய்க்கும் நாள் குறிக்க முடியாது. 'இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்' என்பது மூன்று வாரமாகும். கையிருப்பு கரையும். அப்போது வேண்டிய கனிவை எந்த அட்டவணையிலும் அடைக்க முடியாது. அது பக்கத்து அறையிலிருந்துதான் வர வேண்டும். பக்கத்து அறை பூட்டிக்கிடந்தால்? அதுதான் வேலூர் வழியின் பலவீனம். மொழி தெரியாதவரைத் தரகர் பிடித்துக்கொள்வதற்கும் நல்லவர் கைகொடுப்பதற்கும் நடுவே அதிர்ஷ்டம் ஒன்றுதான் நிற்கிறது. மதுரை வழியில் அதிர்ஷ்டத்துக்கு வேலையில்லை.

நன்றியும் இரண்டு இடத்தில் இரண்டு ரகம். வேலூரில் அதற்கு ஒரு முகம் இருக்கிறது: கஞ்சி வைத்துக் கொடுத்த பெண், ரத்தம் கொடுத்த பையன். அந்த முகம் இனி கண்ணில் படாது என்பதால் நன்றி ஒரு கடனாகவே மனதில் தங்கிவிடுகிறது. அரவிந்தில் அந்தக் கடனின் கனத்தையே குறைத்திருக்கிறார்கள். இலவசப் பிரிவா, கட்டணப் பிரிவா என்பதை வருகிறவரே முடிவு செய்யலாம்; வருமானச் சான்று கேட்பதில்லை. கட்டணம் கட்டுகிறவர்களின் பணம் இலவசப் பிரிவையும் தாங்குகிறது. யார் பணத்தில் தனக்குப் பார்வை வந்தது என்று பாட்டிக்குத் தெரியாது. கட்டியவருக்கும் பாட்டியைத் தெரியாது. தலைகுனியாமல் வாங்கிக்கொள்ள முடிவதும் ஒரு கனிவுதான்.

ஆனாலும் கடைசியில் இரண்டு நன்றியும் ஒரே தெருவில் வந்து சேர்கின்றன. கறுப்புக் கண்ணாடியோடு ஊர் திரும்பிய பாட்டி, அடுத்த முகாமுக்குப் பார்வை மங்கிய பக்கத்து வீட்டுக்காரியைக் கையைப் பிடித்து அழைத்துவருகிறாள். வேலூரில் அறையைக் காலி செய்கிற குடும்பம், மீந்த அரிசியையும் கடுகெண்ணெய்ப் பாட்டிலையும் நேற்று வந்த குடும்பத்திடம் கொடுத்துவிட்டுக் காட்பாடிக்கு ஆட்டோ ஏறுகிறது. கொடுத்தவருக்கே திருப்பிக் கொடுக்க இருவருக்கும் வழியில்லை. அதனால்தான், அடுத்து வருகிறவருக்கு ஒரு நான்காவது ஆள் கிடைக்கிறார்.