களரியில் எழுந்த சிரிப்பு

நகையைத் தமிழர் இழிவாகக் கருதியதில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையையே முதற்கண் வைத்தார். அது தோன்றும் நிலைக்களன் நான்கனுள்ளும் எள்ளலையே முன்னிறுத்தினார். ஒருவரை எள்ளி நகைத்தற்கு உரிமையுடையவர் யாவர் என்பது பழைய வினா. கிழக்கிலங்கையின் கரையோர ஊர்கள் அதற்குத் தம் ஆடுகளங்களிலே ஒரு விடை கண்டிருந்தன.

சித்திரவேலாயுத சுவாமி கோயிலால் பெயர்பெற்றது திருக்கோவில். அதன் அயலூரான தம்பிலுவில் கண்ணகி வழிபாட்டால் அறியப்பட்டது. 1961இல் அம்பாறை மாவட்டம் பிரிக்கப்படும்வரை இவ்வூர்கள் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்தனவாதலின், மட்டக்களப்புக் கலைகள் எனப் பழைய நூல்கள் கூறுவனவற்றுள் இக்கரையும் அடங்கும்.

கண்ணகி வழிபாட்டோடு இணைந்தது கொம்புமுறி. ஊரார் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகப் பிரிந்து, வளைந்த இரு கொம்புகளை ஒன்றோடொன்று மாட்டிக் கயிறு பூட்டி இழுப்பர். கொம்பு முறிந்த கட்சியை மற்றக் கட்சியார் பாட்டால் எள்ளுவர். இன்று எள்ளுபவன் அடுத்தமுறை எள்ளப்படலாம் என்பதே இவ்விளையாட்டின் நயம்.

மகிடிக் கூத்திலும் இவ்வியல்பைக் காணலாம். சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் ஊர் வெளியிலே மலையாள நாட்டு மந்திரவாதிகள் ஒருபுறமும் உள்ளூர்ப் பிராமணர் மறுபுறமும் நின்று மந்திரப் போட்டி நிகழ்த்துவர். மந்திரத்தாற் கட்டுண்டு விழுவதும் நடுங்குவதும் எழுந்தோடுவதும் சூழ நிற்போரை வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும். இங்கும் ஏளனத்திற்கு மறுமொழி கூற எதிராளி ஒருவன் ஆடுகளத்திலேயே நிற்கின்றான். மகிடியை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்குவோர் இதனைக் கவனிப்பதில்லை.

வடமோடி, தென்மோடிக் கூத்துக்களோ விடியும்வரை ஆடப்படுவன. வட்டக் களரியைச் சுற்றி நாற்புறமும் சனங்கள் அமர்ந்திருப்பர். அரசரும் வீரரும் பாடி ஆடி ஓயும் இடைவெளிகளில் கட்டியகாரன் முதலிய துணைமாந்தர் பேச்சு வழக்கில் வேடிக்கை செய்வர். நள்ளிரவுத் தூக்கத்தைக் கலைக்கும் பணியும் அவர்களுடையதே.

1956இல் பேராசிரியர் சரச்சந்திரவின் 'மனமே' சிங்கள நாடகத்தில் மரபுக்குத் தந்த மதிப்பு தமிழிலும் எதிரொலித்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962இல் 'கர்ணன் போர்', 1963இல் 'நொண்டி நாடகம்' ஆகியவற்றை நவீன மேடைக்கேற்பச் சுருக்கி அளித்தார். கூத்து படித்தோரின் மதிப்பைப் பெற்றது இம்முயற்சியாலேயே என்பதில் ஐயமில்லை. நகைச்சுவையும் முற்றாக நீங்கிவிடவில்லை. 'நொண்டி நாடகம்' நகைக்குரிய கதையே. ஆயினும் ஓரிரவுக் கூத்தை ஓரிரு மணி நேரத்துள் அடக்கும்போது, நேரம் பார்த்து நீட்டியும் ஆள் பார்த்துச் சொல்லியும் வந்த வேடிக்கைக்கு இடமேது?

அவ்வேடிக்கை வானொலியிற் புகலிடம் தேடிற்று. இலங்கை வானொலியின் 'கோமாளிகள் கும்மாளம்' பெற்ற செல்வாக்கால் 1976இல் 'கோமாளிகள்' என்னும் திரைப்படமும் எழுந்தது. அதில் முஸ்லிம் பேச்சுவழக்குடைய மரிக்காராக எஸ். ராம்தாஸ் நடித்தார், ஐயராக நடித்தவர் பி. எச். அப்துல் ஹமீத். யாழ்ப்பாண அப்புக்குட்டியும் தமிழ் பேசும் சிங்களவரான உபாலியும் உடனிருந்தனர். தமிழர் முஸ்லிமாகவும், முஸ்லிம் ஐயராகவும் தோன்றிய இவ்வமைப்பு, இரு சேரிக்கும் எள்ளும் உரிமை தந்த கொம்புமுறியின் ஒழுங்கை நினைவூட்டுகின்றது. திட்டமிட்டுச் செய்தனரோ, தற்செயலோ, நான்கு வழக்குகளும் ஒரே கதையில் ஒருங்கே நகைக்கு இலக்காயின.

கல்முனை தொடங்கிப் பொத்துவில்வரை தமிழரும் முஸ்லிம்களும் ஊருக்கு ஊர் அடுத்தடுத்து வாழும் கரை இது. 1990இல் இங்கே இரு சாராரும் கொலையுண்டனர். அதன்பின் அயலவனின் பேச்சை மேடையிற் பேசிக்காட்டுதல் முன்போல் இலேசான செயலாக இருந்திருக்க முடியாது. பேசுபவன் தன்னவரை மட்டும் முன்னே வைத்துப் பேசுகையில், கேலிக்குரியவன் அவையில் இல்லை, மறுமொழியும் இல்லை.

விளையாட்டுக் கழகங்களும் சனசமூக நிலையங்களும் நடத்தும் சித்திரை விழாக்களில் வினோத உடைப் போட்டி இன்று தவறாத நிகழ்ச்சி. மகிடி ஆடப்பட்ட அதே பருவம். மந்திரவாதி வேடமிட்ட ஒருவன் மைதானத்தைச் சுற்றி வந்து கைதட்டலும் பரிசும் பெறக்கூடும். ஆனால் அவனை எதிர்த்து நின்று மந்திரம் சொல்லப் பிராமணன் எவனும் வருவதில்லை.